வாசகர் பக்கத்தில் அத்தான்

சஞ்சிகையின் மேல் அக்கா சோற்றுப் பானையைத் தூக்கி வைத்திருந்தாள். பானையின் அடி இன்னும் சூடாக இருந்ததால் பளபளப்பான அட்டை ஒரு மூலையில் சுருண்டிருந்தது. சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. ஆனாலும் யாரோ எட்டிப் பார்த்து வாசித்துவிடப் போகிறார்கள் என்பதுபோல அதை மூடி வைத்திருந்தாள். ஏப்ரல் மாதத்து மத்தியானம், யன்னல் திரைகளும் இழுத்து மூடியிருந்தன.

"நாப்பத்து மூண்டாம் பக்கம்," என்றாள். "பேர் இருக்கு, ஊர் இருக்கு, முகமும் இருக்கு. மிச்சம் என்ன இருக்கு, சொல்லு?"

பானையை நகர்த்திவிட்டுப் பக்கத்தைப் பிரித்தேன். வாசகர் கடிதங்கள். படத்தில், ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் அவர்களுடைய வீட்டின் பின்வளவில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு ரயிலின் பக்கத்தில் அத்தான் குந்தியிருக்கிறார். கீழே நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதம். இலங்கையின் வடக்கு ரயில் பாதையில் பன்னிரண்டு வருடங்கள் உதவி நிலைய அதிபராக இருந்தவருக்கும் பனியில் தண்டவாளம் எழும்புவது புதிய அனுபவம் என்று அது தொடங்கியது.

நன்றாகத்தானே போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"எடி, எங்கட கேஸிலை அவர் கமக்காரன்," என்றாள் அக்கா.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவும் அத்தானும் அகதிக் கோரிக்கை கொடுத்து ஒன்றரை வருடமாகியிருந்தது. விசாரணைக்கு இன்னும் ஐந்து கிழமை. நான் அவர்களுக்கு ஆறு வருடம் முன்னதாக வந்து, ரொறன்ரோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர்களுடைய படிவத்தை நான் பார்த்ததில்லை. வந்த முதற் கிழமையே, ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் பின்னறையில் இருந்து படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் யாரோ கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகம் என்று எழுதினால் அரசாங்கம் உனக்கு என்ன கெடுதல் செய்தது என்று கேட்பார்கள் என்று சொல்லி, அவர் அத்தானை விவசாயி ஆக்கிவிட்டார். தோட்டத்தில் செல் விழுந்து வெடித்த கதையையும் அவரே எழுதினார். அதே கதையை அந்த மாதம் இன்னும் எத்தனை பேருக்கு எழுதினாரோ தெரியாது. அத்தான் கையெழுத்துப் போட்டார். வந்திறங்கி நாலு நாளான மனிதர் வேறென்ன செய்வார்?

அத்தானின் கைக்கு அந்தச் சஞ்சிகை வந்தது ஒரு சலவைக் கடையில். உடுப்புச் சுற்றும் நேரத்தில் வாசிக்க யாரோ போட்டுவிட்டுப் போன பழைய பிரதிகள். வீட்டுத் தோட்டத்தில், பூஞ்செடிகளுக்கிடையில், மழையிலும் வெயிலிலும் ஓடவிடும் பெரிய அளவு மாதிரி ரயில்களுக்கென்றே வந்த சஞ்சிகை அது. ஒவ்வொரு எஞ்சினும் ஒரு முழம் நீளம். பித்தளைத் தண்டவாளம். அத்தான் முதற் பிரதியை வாசிக்கவில்லை, பரிசோதித்தார். "உந்தக் கைகாட்டி பிழையான பக்கத்திலை நிக்குது. உவர் எப்படி வண்டியை உள்ளுக்கு எடுக்கப்போறார்?" என்று டெக்சாஸில் இருந்த ஒருவருடைய தோட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலையிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு, அவர் முதலில் தேடுவது அதைத்தான். சந்தா கட்டிக் கொடுத்தது நான்.

யூனியன்வில்லில் வீடு மாறிப் போன ஒருவரிடம் பழைய தண்டவாளமும் ஒரு எஞ்சினும் வாங்கினார். "ஊரிலை கோச்சி ஓட விடேல்லை எண்டு இஞ்சை வந்து கத்தரிக் கண்டுக்குப் பக்கத்திலை விடுறார் உங்கட அத்தான்," என்று அக்கா பகிடி பண்ணுவாள். ஆனால் அவர் விளையாடவில்லை. பாதை போட்டார். வெயிலுக்குப் பித்தளை நீளும் என்று ஒவ்வொரு பொருத்திலும் ஒரு சத நாணயக் குற்றியின் தடிப்பளவுக்கு இடைவெளி விட்டார். உறைபனி நிலத்தைத் தூக்கித் தண்டவாளத்தைக் கோணலாக்குகிறது என்று வாசகர்கள் வருடாவருடம் சஞ்சிகையில் முறையிடுவார்கள். பாதையை நிலத்தோடு இறுக்காமல், உண்மையான பாதையைப்போலக் கல்நொருங்கின் மேல் மிதக்கவிட்டால் போதும், பனி உருகியதும் கையால் தட்டிச் சமன் செய்யலாம் என்பது அத்தானின் பதில். அதைத்தான் எழுதித் தரச் சொன்னார்.

அவர் சொன்ன கடிதத்தில் பாதையும் கல்லும் மட்டுந்தான் இருந்தன. நிலைய அதிபரைச் சேர்த்தது நான். பேசுகிறவர் யார், அவர் சொல்வதை ஏன் நம்பவேண்டும் என்பதை முதல் வரியிலேயே வைக்கவேண்டும் என்று பத்திரிகையில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். தபாலில் போடமுன் தமிழில் சொல்லிக் காட்டினேன். அந்த இடத்தில் நிறுத்தி, "அது வேணுமோ மச்சாள்?" என்று கேட்டார்.

"வேணும் அத்தான். இல்லாட்டில் நீங்கள் ஆர் எண்டு அவைக்கு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மறுப்பு இருக்கவில்லை. பிறகு கடித உறையைத் தானே ஒட்டினார்.

அச்சில் வந்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்பது மற்ற எவரையும்விட எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் தினமும் காலையில் மற்றப் பத்திரிகைகளை வெட்டிக் கோப்பில் ஒட்டுவது என் வேலைகளில் ஒன்று. அதேபோல எங்கோ ஒரு அரசாங்க மேசையில் ஒருவர் கத்தரிக்கோலோடு இருந்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோட்ட ரயில் சஞ்சிகையை எந்த அதிகாரி வாசிக்கப் போகிறார் என்று பகலில் அக்காவுக்குச் சொல்வேன். இரவில் நானே அதை நம்புவதில்லை.

செய்த காரியங்களை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மார்க்கம், யூனியன்வில் புத்தகக் கடைகளுக்குப் போய், அந்தச் சஞ்சிகைகளை மீன்பிடிச் சஞ்சிகைகளுக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தேன். ஒருநாள் ஒரு கடையில் அதிகாரிபோலக் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் அதை நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவர் வைத்துவிட்டுப் போகும்வரை, பதினைந்து நிமிடம், சமையற் புத்தகம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொலைபேசி அடித்தால் அக்கா எடுப்பதில்லை. வீட்டுக்கு முன்னால் கார் மெதுவாகப் போனால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். ஒரு சனிக்கிழமை போனபோது அத்தான் பின்வளவில் தண்டவாளத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்காதான் கழற்றச் சொல்லியிருக்கிறாள். கல்நொருங்கு மட்டும் வளையமாகக் கிடந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது, எதையோ ஒளித்த இடம்போல.

அன்றைக்குத்தான் அக்கா எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். போரால் வடக்கில் ரயில் நின்ற பிறகு அத்தானைப் பாதை முடிகிற நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆமிக்காரரை ஏற்றிவரும் வண்டி எத்தனை மணிக்கு என்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தைக் கேட்டு இரவல் சைக்கிளில் இயக்கப் பெடியள் வந்தார்கள். யார் வந்து கேட்டது என்று கேட்டு ஆமி வந்தது. இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் முறை ஒன்பது நாள். அவர் ஓடி வந்ததன் காரணமே அந்த உத்தியோகந்தான். விவசாயியின் கதைக்குள் அதை வைக்க இடமில்லை.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது அத்தான் சட்டத்தரணியிடம் போகப் போவதாகச் சொன்னார். சஞ்சிகையையும் கொண்டு.

"உங்களுக்கென்ன விசரே?" என்று அக்கா கத்தினாள். "அவங்கள் காணேல்லை. நீங்களே கொண்டுபோய்க் குடுக்கப் போறியளோ? நாளைக்குப் பிளேனிலை ஏத்தினால் இறங்கிற இடத்திலை ஆர் நிப்பான் எண்டு தெரியுந்தானே?"

அத்தான் குரலை உயர்த்தவில்லை. "ஸ்டேசனிலை வண்டிப் புத்தகம் இருக்கு. அதிலை நேரத்தைப் பிழையா எழுதினால் அழிக்கக்கூடாது. அழிச்சவன்ரை வேலை போகும். பிழை வாசிக்கக்கூடிய மாதிரி ஒரு கோடு கீறி, சரியானதைப் பக்கத்திலை எழுதி, கையெழுத்து வைக்க வேணும். எனக்கு வேறை விதமாத் திருத்தத் தெரியாது."

சட்டத்தரணி திருத்திய படிவத்தைத் தட்டச்சில் தருவதாகச் சொன்னார். அத்தான் கேட்கவில்லை. பழைய படிவத்தின் பிரதியிலேயே விவசாயி என்ற சொல்லின் மேல் ஒற்றைக் கோடு கீறி, பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். புதிய வாக்குமூலத்தோடு அதையும் சஞ்சிகையையும் சேர்த்து அனுப்பினார்கள். அனுப்பிய நாளிலிருந்து அக்கா அவரோடு பேசவில்லை. துணிகளை மடித்து இரண்டு சூட்கேசுகளில் வைத்தாள்.

விசாரணை அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. உறவினர் என்று என்னைச் சுவரோரம் இருக்க அனுமதித்தார்கள். விசாரித்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கோப்பிலிருந்து சஞ்சிகையை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். நான் சேர்த்த வரியின் கீழ் பென்சிலால் யாரோ கோடிட்டிருந்தார்கள். கடிதத்தை முழுவதும் வாசித்தார். பிறகு, ஒரு விளையாட்டு ரயில் சஞ்சிகைக்கு உண்மை சொன்ன நீங்கள் எங்களுக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னபோது அந்தக் கேள்வி இன்னும் கடுமையாக ஒலித்தது.

அத்தான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சஞ்சிகைக்காரராலை என்னைத் திருப்பி அனுப்பேலாது, மேடம்," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பெண்மணி எதுவும் எழுதவில்லை. அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றியிருந்தாள், விரல் நீலமாகியிருந்தது. அதன்பின் ஒன்றரை மணித்தியாலம் கேள்விகள் எல்லாம் அந்த நிலையத்தைப் பற்றியே. எத்தனை மேடை, வண்டி வருவதை யார் முதலில் அறிவார், ஆமி எந்த வாசலால் வந்தது. அத்தான் ஒவ்வொன்றுக்கும் மணித்தியாலமும் நிமிடமுமாகப் பதில் சொன்னார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

ஏழு கிழமை எடுத்தது. இப்போது அவர்கள் விட்பியில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கலந்த தமிழில் அக்கா இந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறாள், மீன்பிடிச் சஞ்சிகை வரும் இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். முடிவுக் கடிதம் வந்த அந்த மத்தியானத்தை அவள் சொல்வதில்லை.

உறையை உடைக்க இருவருக்கும் துணிவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். கதவடியில் நின்றபடியே உடைத்து, முதற் பந்தியை வாசித்தேன். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மறுபடி வாசிக்கச் சொன்னாள் அக்கா. வாசித்தேன். அவள் நிலத்தில் இருந்து அழுதாள். அத்தான் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். அவருடைய முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின, பிறகு கைகள், பிறகு தாடை. ஐந்து கிழமைப் பயத்திலும் விசாரணை அறையிலும் அசையாமல் இருந்த மனிதர். வெளியே ஜூலை வெயில்.

"இனி என்ன அத்தான் பயம்?" என்றேன்.

"இப்பத்தானே பிள்ளை," என்றார், பல் அடித்துக்கொண்டது, "பயப்பிட நேரம் கிடைச்சிருக்கு."

அக்கா எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய தன் குளிர்காலக் கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். பொழுதுபடும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.