மூன்று சோழியும் ஒரு படி தவிடும்

பிச்சை மேஸ்திரிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மகள் ரம்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சென்னையில் இருப்பவர்கள். பத்திரிகை சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். அதில் பெண்ணின் தகப்பனார் பெயர் ‘பூபதி’ என்று வரப்போகிறது. கெஜட்டில் பெயர் மாற்றும் விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்து சட்டைப் பையில் வைத்திருந்தார். பூபதி என்றால் பூமிக்கே அதிபதி. ஆசைப்படுவது என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

நாற்பத்தொன்பது வருஷமாக அந்தப் பழைய பெயரோடு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “பிச்சை” என்று கூப்பிட்டால், பின்வரிசையில் ஒருத்தன் “அங்கிட்டுப் போப்பா, சில்லறை இல்ல” என்பான். வங்கியில் கூப்பிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும். பெயருக்குக் காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக வந்தவரை ஆத்தா பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மட்டமான பிள்ளை, மட்டமான பெயர், எமன் சீண்ட மாட்டான் என்பது அவள் போட்ட திட்டம். திட்டம் பலித்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. இப்போது அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரி வேலை. “தவிட்டுக்கு வாங்குனவனுக்குத் தவிட்டுக்குள்ளயே வேல” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்தவன் சொல்வதற்குள் முந்திக்கொள்ளத்தான்.

அன்றைக்கென்று பார்த்து முதலாளி, வங்காளத்து ஆட்களின் ஆதார் நகலையெல்லாம் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டார். பிச்சை அவற்றைப் புரட்டிப் பார்த்தார். பன்னிரண்டு ஆட்கள், பன்னிரண்டு நகல், ஆனால் ஒரு பெயரும் அவர் அறிந்த பெயராக இல்லை! கொதிகலன் பார்க்கும் தின்கொரி பதினோரு வருஷமாக அவரோடு டீ குடிப்பவன். அவன் படத்துக்குப் பக்கத்தில் தருண் மண்டல் என்று இருந்தது. பிச்சைக்கு ரத்தம் தலைக்கேறியது.

“யோவ், யாருயா நீ? இத்தன வருசமா கள்ளப் பேரச் சொல்லியா என்கூட டீ குடிச்ச?”

தின்கொரி அசரவில்லை. பதினோரு வருஷத் தமிழ் அவனுக்கு. “மேஸ்திரி, எங்க ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு பேரு. பள்ளிக்கூடம், ஆபீஸ், கல்யாணப் பத்திரிகைக்கு ஒண்ணு. அதுக்கு நல்ல பேருன்னு பேரு. வீட்ல கூப்புட ஒண்ணு. கோகன் இருக்கான்ல, மூட்ட தூக்குறவன்? அவன் பேரு பிமல். அழுக்கே இல்லாதவன்னு அர்த்தம். கோகன்னா சின்னப் பையன்.”

ஆறடி உயரத்தில் மீசையோடு நின்ற கோகன் வெட்கப்பட்டான். பிச்சையின் கோபம் போன இடம் தெரியவில்லை.

“சரி, தருண்னா?”

“எளசு, வாலிபம்.”

“அம்பது வயசுல! அப்ப தின்கொரி?”

“மூணு சோழி. எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ள செத்துப் போச்சு. அதனால அம்மா என்னை மருத்துவச்சிகிட்ட குடுத்து, மூணு சோழி குடுத்துத் திரும்ப வாங்குச்சு. வெல கம்மியான பிள்ளைய எமன் தொட மாட்டான்னு.”

பிச்சை எழுந்து நின்றுவிட்டார். “என்னயா சொல்ற? என்ன சொல்ற நீ? நானு ஒரு படி தவிடுயா!” என்று கத்தினார். தவிட்டை ஒரு கை அள்ளிக் காட்டினார். புரிந்ததும் தின்கொரியும் கத்தினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்ததில் ஆதார் நகல்கள் நாலா பக்கமும் பறந்தன. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த தின்கொரியின் அம்மாவுக்கு ஆத்தாவின் யோசனை எப்படித் தெரிந்தது? பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்ததால் தின்கொரியின் கடைசித் தங்கைக்கு ‘இனி வேண்டாம் காளி’ என்று அர்த்தம் வருகிற ஆன்னாகாளி என்ற பெயராம். “எங்க ஊர்ல போதும்பொண்ணு இருக்குயா!” என்று பிச்சை மறுபடி குதித்தார். உலகத்திலேயே தன் பெயர்தான் கேவலம் என்று நம்பி வாழ்ந்த மனுஷனுக்கு ஒரே நாளில் இத்தனை சொந்தம் கிடைத்தால் தாங்குமா?

அவருக்கு வழியும் பிறந்துவிட்டது. “நானும் அப்படியே செஞ்சுக்கிறேன்யா. பத்திரிகைக்குப் பூபதி, வீட்டுக்குப் பிச்சை.”

“நல்லது மேஸ்திரி. எங்கம்மா போன்ல தின்கொரின்னுதான் தெனம் கூப்புடும். ஒங்கள வீட்ல யாரு பிச்சைன்னு கூப்புடுவாங்க?”

பிச்சை அச்சகத்துக்கு வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் அந்தக் கேள்வியையே யோசித்துப் பார்த்தார். ஆத்தா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஆலையில் மேஸ்திரி. ரம்யாவுக்கு அப்பா. பெண்டாட்டி சத்யாவுக்கு, கட்டிய நாளிலிருந்து ‘ஏங்க’. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. ரேஷன் கடையில்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். தின்கொரியின் பெயர் வாயில் வாழ்ந்தது. தன் பெயர் இருப்பதே காகிதத்தில்தான். அங்கேயும் அழித்துவிட்டால் ஆத்தா வாங்கி வந்த பிள்ளை எங்கேதான் இருப்பான்?

அச்சகத்தில் சத்யா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். அச்சகக்காரர் நாகராசு கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். “பொண்ணோட அப்பா பேரு பூபதிதானண்ணே? அடிச்சிரட்டுமா?”

பிச்சை மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். சோழி, தவிடு, மருத்துவச்சி, கோகன் என்று முன்னுக்குப் பின்னாக வந்து விழுந்தது. கடைசியில், “ஆனா இப்ப என்ன போடுறதுன்னு தெரியலப்பா. சென்னக்காரங்க என்ன நெனைப்பாங்க?” என்று நின்றார்.

நாகராசுக்குத் தலை சுற்றியது. “மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க. என்ன பேரு?”

சத்யா முந்தானையை இழுத்துச் செருகினாள். முகம் சிவந்துவிட்டது.

“பிச்சை” என்றாள். “எம் புருசன் பேரு பிச்சை. அவங்க ஆத்தா அந்தப் பேர வச்சதாலதான் இவுங்க பொழச்சு எனக்குக் கெடச்சாங்க. பெருசாப் போடுங்க.”

இருபத்தாறு வருஷத்தில் அவள் வாயால் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நாகராசு தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டார். பிச்சை பத்திரிகையையும் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரையும் பார்க்கவில்லை.

“ஏத்தா, இன்னொருக்கச் சொல்லு” என்றார்.