மாதிரி வீட்டில் குடித்தனம்

கொத்தனார்கள் அவருக்கு வைத்த பெயர் சக்கரம். முகத்துக்கு நேரே முதலாளி என்பார்கள், தலை மறைந்ததும் சக்கரம் உருண்டுவிட்டது என்று மூச்சு விடுவார்கள். நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இருப்பார். இந்த நகரத்தில் பாதிப் பேருக்குக் கூரை கொடுத்தவர் என்று மேடையில் அவரைப் புகழ்வார்கள். அதில் பாதி புளுகு. ஆனாலும் நிறையவே கட்டினார்.

ஆரம்பத்தில் அவர் வெறும் வீட்டுத் தரகர். ஓட்டை சைக்கிளில் அலைந்து அடுத்தவர் வீட்டைக் காட்டிக் கமிஷன் வாங்கியவர். காலி வீட்டைக் காட்டினால் ஜனங்கள் சுவரில் விரிசல் தேடுகிறார்கள், ஆள் புழங்குகிற வீட்டைக் காட்டினால் தங்கள் கட்டிலை எங்கே போடலாம் என்று பார்க்கிறார்கள் என்பதை அப்போதே பிடித்துவிட்டார். பிறகு கடன் உடன் வாங்கித் தன் முதல் கட்டடத்தை எழுப்பியபோது, மேல்மாடிக்குப் பூச்சு வேலைகூட முடிவதற்குள் மனைவியையும் கைக்குழந்தையையும் கீழ் வீட்டில் குடிவைத்தார். முதலாளியே குடும்பத்தோடு இருக்கிறார் என்றதும் வந்தவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. எல்லா வீடும் விற்றுத் தீர்ந்ததும், தான் இருந்த வீட்டையும் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பெயரும் பணமும் வளர்ந்த பிறகும் அவர் அதை விடவில்லை. பாடு மனைவிக்குத்தான். திரைச்சீலை தைத்து மாட்டி முடிப்பதற்குள் சன்னலே மாறிவிடும். லிஃப்ட் ஓடாத வீடு, குழாயில் தண்ணீர் வராத வீடு, டைல்ஸ் அறுக்கிற சத்தத்தில் குழந்தையைத் தூங்கவைத்த வீடு என்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருமுறை மகள் பள்ளியிலிருந்து பழக்கதோஷத்தில் பழைய வீட்டுக்குப் போய் மணியடித்து, யாரோ கதவைத் திறக்க, அழுதுகொண்டு நின்றாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர் வாடிக்கையாளர்களைச் சிரிக்கவைப்பார். கேட்டவர்களில் மனைவி மட்டும் சிரித்ததில்லை.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, ஆற்றைப் பார்த்த கட்டடத்தில் குடியிருந்தபோது, மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது.

"ஏங்க, இனி என்னால மூட்டை கட்ட முடியாது. இங்கேருந்து என்னைப் பொணமாத்தான் தூக்கணும்."

அவர் மனம் நிஜமாகவே இளகியது. அதில் குறை சொல்லக் கூடாது. வீட்டை அவள் பெயருக்கே பதிவு செய்து பத்திரத்தைக் கையில் கொடுத்தார்.

"இது உன் வீடு. இனி இங்க விலைப் பேச்சே கிடையாது."

கொஞ்ச காலம் வாயைக் கட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் விற்பனைக்கு இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அறை அறையாக நடப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், குழாயைத் திறந்து மூடுவார்.

அடுத்த கட்டடத்தில் வீடு பார்க்க ஒரு பல் டாக்டர் வந்தார். காகிதத்தில் வரைந்த படம் அவருக்குப் பிடிபடவில்லை. இதே அளவில் ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேட்டதும், பார்ப்பதற்கு என்ன காசா என்று இவர் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

"இந்த சன்னலைத் தெறந்தா ஃபேனே வேணாம் சார். எங்க வீட்டம்மா காலையில காபியோட இங்கதான் உக்காருவா. வெயில் கால்ல பட்டா கண்ணை மூடிக்குவா. கூப்பிட்டாலும் காதுல விழாது."

அடுக்களையில் இருந்தவளுக்குக் கை அப்படியே நின்றது. தான் எங்கே உட்காருகிறோம் என்பதை அவர் கவனித்திருப்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குச் சந்தோஷப்பட நேரம் கிடைக்கவில்லை, டாக்டர் விலை கேட்டுவிட்டார். விற்பதற்கில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சக்கரம் ஒரு தொகையைச் சொன்னார். டாக்டர் யோசிக்காமல் சரி என்று கையை நீட்டினார்.

டாக்டர் போனதும் அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஓடிப் போகட்டும்னுதான் அந்த விலை சொன்னேன்."

"தெரியும்."

"கை குடுத்துட்டேன். வாக்கு மாறினா தொழில்ல தலைகாட்ட முடியாது."

"எனக்குக் குடுத்தது?"

சாவிக்கொத்து ஆடியது. அடுத்த கட்டடத்தில் இதைவிடப் பெரிய சன்னல் என்று தொடங்கினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு, தன் பெயருக்கு வந்த காசோலையைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் டாக்டரைப் பார்த்தாள்.

"நீங்களே குடி வரப்போறீங்களா?"

"இல்லம்மா, வாடகைக்கு விடத்தான்."

"அப்ப எனக்கே விடுங்க."

கணவர் சிரித்தார். சிரித்தவர் அவர் மட்டும்தான்.

புதுக் கட்டடத்து மாதிரி வீட்டுக்கு அவர் தனியாகப் போனார். வந்தவர்கள் பளபளக்கும் அடுப்பைப் பார்த்துவிட்டு, "வீட்ல அம்மா இல்லையா?" என்று கேட்டார்கள். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அதையே எத்தனை பேரிடம் சொல்வது? ஒரு சாயங்காலம் பொறுக்காமல், ஆற்றோரக் கட்டடத்துக்குப் போய் மணியடித்தார். மனைவி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள்.

"ஏன் இப்படிப் பண்ணினே? கையிலதான் அவ்வளவு பணம் இருக்கே, வேற வீடே வாங்கியிருக்கலாம். நான் பொண்டாட்டிய வாடகை வீட்ல வெச்சிருக்கேன்னு ஊரே சிரிக்குது."

"வாங்கியிருந்தா அதையும் வித்திருப்பீங்க," என்றாள். "இதை உங்களால விக்க முடியாது."