கடைசிப் பந்தயம் வரைக்கும்

அக்காவின் மேசையில் ஒரு பல்சக்கரம் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். ஒரு முழு இரவும் பகலும் நிற்காமல் ஓடிய பந்தயக் காரின் கியர்பாக்ஸிலிருந்து கழற்றி, ஐரோப்பாவிலிருந்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். காகிதங்கள் பறக்காமலிருக்க அதைத்தான் அவர் வைப்பார். புதிதாகச் சேர்கிறவர்கள் கையில் அதைக் கொடுத்து விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். பற்களில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். "இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா உடைஞ்சிருக்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு சொல்றதுக்குத்தான் நமக்குச் சம்பளம்" என்பார்.

எங்கள் அலுவலகம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று நீண்ட நேரப் பந்தயங்களில் ஓட்டும் காருக்கு, அதன் பாகங்கள் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. ஜன்னலுக்குக் கீழே வேளச்சேரி சாலையில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்துகொண்டிருக்கும். மேலே நாங்கள் அசுர வேகத்தில் ஓடும் ஒரு காருக்கு ஆயுள் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தக் காரை எங்களில் ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. குழந்தையைப் பார்க்காமல் ஜாதகம் எழுதுகிற வேலைதான். ஆனால் அதற்கு அடிபட்டால் எங்களுக்கு வலிக்கும்.

அக்காதான் எங்கள் குழுவுக்குத் தலைமை. செம்பாக்கத்துக்காரர். மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், அதனால் எல்லோருக்கும் அக்கா. கார் கம்பெனிகளைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. இந்தப் பந்தயத்தை நம்பி யாரும் வருவதில்லை, விளம்பரத்துக்கு வருகிறார்கள் என்பார். "எல்லாரும் ஒண்ணா வருவாங்க, எல்லாரும் ஒண்ணா கிளம்புவாங்க. தோத்தவன் வெட்கப்பட்டுப் போவான். ஜெயிச்சவன் வந்த வேலை முடிஞ்சுதுன்னு போவான். நடுவுல இருக்கறவனுக்கு மேல இருக்கற ஆள் மாறினா அவனும் போவான்." டீ குடித்துக்கொண்டே சிரித்தபடி இதைச் சொல்வார். நாங்களும் சிரிப்போம். எங்கள் கார் கம்பெனியும் அந்தப் பட்டியலில் அடக்கம் என்று எங்களுக்கு ஏனோ தோன்றவே இல்லை.

அந்தச் சமயத்தில் காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழகத்தில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். கீழ்க்கட்டளையில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு மனமில்லை. வகுப்பறையில் கியரைப் பற்றிப் பாடம் நடத்துவதும், உலகம் பார்க்கிற ஒரு காருக்குள் நம் கியர் சுற்றுவதும் ஒன்றா? பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம்தான் ஐரோப்பாவிலிருந்து புதிய வேலை வந்தது. பந்தய விதிகள் இடம் கொடுக்கும் அளவுக்குக் கியர்களின் எடையைக் குறைக்க வேண்டும். இந்த சீசனின் கடைசிப் பந்தயம் வரைக்கும் தாங்கினால் போதும். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். அதுவரை அவர்கள் எப்போதும் கூடுதல் ஆயுள்தான் கேட்பார்கள், அடுத்த வருடத்துக் காருக்கும் இதே கியர் போதுமா என்று குடைவார்கள். இப்போது கையைக் கட்டிப் போட்டிருந்த கயிற்றை அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும். ஜெயிக்கத் துணிந்துவிட்டார்கள் என்று நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம். அக்கா மட்டும் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றார். அவரும் சந்தோஷத்தில்தான் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் டீக்கடையில் கேட்டேன். "அக்கா, அந்த காலேஜ் வேலைய வேணாம்னு சொல்லிடட்டுமா? இங்கயே இருக்கலாம்ல?"

அவர் டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இரு" என்றார். "நீ போயிட்டா இத யார் முடிப்பா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு மறுத்து எழுதினேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடப் போகிறது என்று அம்மா சொன்னார். அம்மாவுக்குப் பந்தயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இருந்துவிட்டேன்.

ஜெயித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சீசனின் கடைசிப் பந்தயம். அக்கா சர்ச்சிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்திருந்தார். எங்கள் கியர் கடைசிச் சுற்றுவரை தாங்கியது. கீழே இறங்கியபோது வாட்ச்மேன், "இன்னா சார், உங்க காரு கெலிச்சிக்கினு வந்துச்சாமே, ஸ்வீட்டு எங்க?" என்றார். மேலே திரும்பி வந்தபோது அலுவலகத் திரையில் கம்பெனித் தலைவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, பந்தயம் எங்கள் ரத்தத்தில் ஊறியது என்று பேசிக்கொண்டிருந்தார். அக்கா போய் ஒலியைக் குறைத்தார். அது ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

சில வாரங்களில் அறிக்கை வந்தது. எடுத்துக்கொண்ட இலக்கை அடைந்துவிட்டோம், இனி வேறு துறைகளில் கவனம் செலுத்துவோம், அனைவருக்கும் நன்றி. எங்கள் நாற்காலிகளைக் கயிறு கட்டி ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காட்டாங்குளத்தூருக்குப் போய் விசாரித்தேன். அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அந்த வருடம் நான் பட்டதை எழுதினால் அம்மா இன்னொரு தடவை அழுவார், அதனால் வேண்டாம்.

போன மாதம் செம்பாக்கம் ஏரிக்கரையில் அக்காவைப் பார்த்தேன். நடைப்பயிற்சிக்கு வந்திருந்தார், தலை நரைத்திருந்தது. கூடவே நடந்தேன். நெடுநாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டே விட்டேன். "அந்த மெயில் வந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும்" என்றார். "கடைசிப் பந்தயம் வரைக்கும் போதும்னா, அதுக்கப்புறம் இல்லன்னுதான அர்த்தம்."

"அப்புறம் ஏன் என்னை இருக்கச் சொன்னீங்க?"

"ஜெயிச்சுக் காட்டிட்டா விட்டுட்டுப் போக அவங்களுக்கு மனசு வராதுன்னு நெனச்சேன். நீ இல்லாம ஜெயிச்சிருக்க முடியாது." சற்று நின்று மூச்சு வாங்கினார். "ஊருக்கெல்லாம் சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கல."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அவரும் சமாதானம் சொல்ல முயலவில்லை. ஏரிக்கரையோடு நடந்துகொண்டே இருந்தோம்.

இப்போது நான் வேறொரு கார் கம்பெனிக்கு அதே வேலையைச் செய்கிறேன். இந்தப் பந்தயத்துக்கு இது பொற்காலம் என்கிறார்கள். இத்தனை கம்பெனிகள் ஒரே சமயத்தில் வரிசையில் நின்று யாரும் பார்த்ததில்லையாம். பத்திரிகைகளில் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் நீண்ட காலம் இருக்கப் போவதாகச் சொல்கிறது. அதைப் படிக்கும்போதுதான் எனக்கு அந்த 'ரத்தத்தில் ஊறியது' பேச்சு நினைவுக்கு வருகிறது.

"உங்க கார் எப்படிப் போகுது?" என்று அக்காவே பேச்சை எடுத்தார்.

"இந்த வருஷம் எல்லாருக்கும் முன்னாடி நாங்கதான். கோப்பை கிட்டத்தட்ட கையில இருக்கு" என்றேன். கோபத்தையும் மீறிக் குரலில் பெருமை ஏறிவிட்டது.

அக்கா வாழ்த்துச் சொல்லவில்லை. நடையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"வேற எங்கயாவது அப்ளை பண்ணி வச்சிருக்கியா?" என்றார்.