ஊசி ஏறிய விரல்

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். என் அடி தாங்காமல் பிரிந்துபோன மனைவி, எங்கள் ஆறு வயது மகளுக்காக ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டாள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்ற வெறி எனக்கு.

“முன்ன மாதிரி வாய்ல கொறச்சுச் சொல்ல முடியாதுங்க. வருமானத்தைப் பத்திரத்துல எழுதித் தரோணும். கட்டாட்டி கம்பெனிச் சம்பளத்துலயே புடிச்சுருவாங்க” என்றார் என் வக்கீல்.

வேலையே செய்ய முடியாதவனிடம் எதைப் பிடிப்பார்கள்? மறுநாள் ஊசிக்குக் கீழே வலது ஆள்காட்டி விரலை வைத்து, பெடலை மிதித்தேன். ஊசி நகத்தைத் துளைத்து எலும்பில் முறிந்தது. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைப் பனியன் முழுக்க ரத்தம். அந்த வலியிலும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கோர்ட் வராண்டாவில் என் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்த மனைவி, “பன்னண்டு வருசமா ஊசி ஏறாத வெரல்ல இப்ப ஏறிருச்சுங்களா?” என்றாள். அறையக் கை துடித்தது. ஆட்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மகளின் தலையைத் தடவ அந்தக் கையைத் தூக்கினேன்.

குழந்தை சட்டென்று குனிந்து முகத்தை மூடிக்கொண்டாள். “அடிக்காதீங்கப்பா. நான் ஒண்ணும் பண்ணலீங்க.”

நீதிபதி கேட்டபோது உண்மையான சம்பளத்தைச் சொன்னேன். ஊசிக்குக் கீழே விரலை நானே வைத்ததையும் சொன்னேன்.

இப்போது மாதாமாதம் கம்பெனியே பிடித்து அனுப்பிவிடுகிறது. விரலும் ஆறிவிட்டது. மகளைப் பார்க்கப் போகும்போது மட்டும் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.