குங்குமம் வைத்த மூடி

அப்போது நான் ஆராய்ச்சியில் மூன்றாம் வருடம். எனக்குப் பொறுமை என்பது சுத்தமாகக் கிடையாது. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரி லேபில், சிலிக்கானுக்குப் பதிலாகக் கார்பன் சேர்மங்களை வைத்து டிரான்சிஸ்டர் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது மட்டும் வந்துவிட்டால் டிவியைப் பாய் மாதிரி சுருட்டி வைக்கலாம் என்று வீட்டில் அளந்து வைத்திருந்தேன். "முதல்ல உன் பாயைச் சுருட்டி வைடி" என்றாள் அக்கா.

நான் வடிவமைத்த மூலக்கூறுக்குத் தட்டையான உடம்பு, இரண்டு பக்கமும் நீளமான வால். கரைசலை உலரவிட்டால் அவை தாமாகவே வரிசையாக அடுக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் தாவும். வாலை எவ்வளவு நீளம் வைப்பது என்று எனக்கு உறைத்ததே முடிச்சூர் ஷேர் ஆட்டோவில்தான். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். ஒருத்தர் முன்னால் நகர்ந்து, அடுத்தவர் பின்னால் சாய்ந்து, யாரும் சொல்லாமலே தோள் இடிக்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். அதே மாதிரி முன்னும் பின்னுமாக உட்காரட்டும் என்று வாலைக் கொஞ்சம் குட்டையாக்கினேன்.

காகிதத்தில் பிரமாதம். நகமளவு கண்ணாடிச் சில்லில் பூசி உலரவிட்டால் மட்டும் பொடிப்பொடியாகப் படிந்து கிடந்தது. அளக்கும் ஊசி வைத்துப் பார்த்தால் மின்சாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகவே இல்லை. மெதுவாக உலரவிட வேண்டும் என்று நானும் படித்திருந்தேன். என் அகராதியில் மெதுவாக என்றால் மதியச் சாப்பாடு முடியும் வரை.

கைடு ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஆயுத பூஜை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை கமிட்டி. அன்னிக்கு ஒரு டிவைஸாவது வேலை செய்யலைன்னா தலைப்பை மாத்திடலாம்மா. பெயின்ட் கோட்டிங் இருக்கு, சீக்கிரம் முடியும்." மூன்று வருட உழைப்பு பெயின்ட் டப்பாவுக்குள் போவதை நினைத்து எனக்கு அழுகையே வந்தது.

லீவு நாட்களிலும் திருட்டுத்தனமாக வந்து வேலை செய்வது என்று முடிவு கட்டினேன். புதன்கிழமை காலை கடைசிச் சில்லைக் கண்ணாடித் தட்டில் கரைசலுக்குள் வைத்து, மூடாமல், ஃபேனுக்கு நேராக விட்டுவிட்டு, கமிட்டிக்கான பேப்பர்களை பிரிண்ட் எடுக்கத் தாம்பரம் போனேன். திரும்பினால் லேப் கதவில் மாவிலைத் தோரணம், பூட்டு. வாசலில் சிதறிய பொரி. அட்டெண்டர் அண்ணன் மதியமே பூஜையை முடித்துச் சாவியோடு ஊருக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் கையை விரித்தார். "பூஜ போட்ட ரூம்மா. ஆயுதத்தத் தொடக் கூடாது. திங்கக்கெழம வா." நான்கு நாளும் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை காலை உள்ளே ஓடினேன். மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம். என் தட்டை யாரோ மூடி போட்டு மூடியிருந்தார்கள். மூடியின் நட்டநடுவில் பெரிய குங்குமப் பொட்டு. ஃபேன் நின்றிருந்தது.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?" என்று கத்தினேன்.

அட்டெண்டர் அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "இன்னா மேடம், தெறந்து வெச்சிகினு போயிட்டீங்க. குங்குமம் உள்ள வுழுந்துடப் போவுதுன்னுதான் மூடுனேன். பொட்டு மேலதான் கீது, பாருங்க."

சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பொடி இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சீவி விட்ட தலைமுடி மாதிரி நீள நீளமான படிகங்கள். ஊசியை வைத்தேன். மின்சாரம் பாய்ந்து திரையில் கோடு மேலே ஏறியது. "தானாக அடுக்கிக்கொள்ளும் பொருட்கள்" என்று தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று வருடமாக அவற்றைத் தானாக எதையுமே செய்யவிடாதவள் நான்தான். வெட்கமாக இருந்தது, சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மீதிப் பொரியை எடுத்து நீட்டினார்.

கமிட்டி பார்த்துவிட்டு, "ஒரு தடவை போதாது. இன்னும் ரெண்டு தடவை வந்தால் தலைப்பு உங்களுக்கே" என்றது. நான் மறுபடி தட்டை மூடி வைத்தேன். இரண்டாம் நாளே, சும்மா ஒரு பார்வை என்று திறந்தேன். பழையபடி பொடி.

அடுத்த முறை தட்டை மூடியதும், அது இருந்த லேபின் சின்ன அறையைப் பூட்டிச் சாவியை அட்டெண்டர் அண்ணனிடமே கொடுத்தேன். நானே வந்து கேட்டாலும் நான்கு நாளைக்குத் தரக் கூடாது என்றேன். அவர் தன் பங்குக்கு மூடியில் ஒரு பொட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் மதியம் அவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணா, ஒரே ஒரு நிமிஷம். வெளிச்சத்துல காட்டிட்டு வெச்சிடறேன்."

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே தட்டிக்கொண்டார். "பூஜ இன்னும் முடில மேடம்."

அந்த முறையும் அதற்கடுத்த முறையும் படிகம் வந்தது, தலைப்பு மாறவில்லை. ஆய்வேட்டில் செய்முறையை ஒரே வரியில் எழுதினேன்: மூடிய தட்டில், நான்கு நாட்கள், தொடாமல். படித்துவிட்டு கைடு கேட்டார், "தொடாமல்னு தனியா எதுக்கும்மா? மூடியிருக்குன்னா தொடலைன்னுதானே அர்த்தம்?"

"இல்லை சார், அதுதான் கஷ்டமான ஸ்டெப்" என்றேன்.