கேன் தண்ணி

எங்க ஷூ கம்பெனில எவனுக்கு மீசை மொளச்சாலும் மொதல்ல கிண்டல் பண்றது நான்தான். "இன்னா மச்சான், ஒதட்டுல எறும்பு ஊருது"ம்பேன். அவன் திருப்பி என் மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள நாலு பேர சிரிக்க வெச்சிடணும். இருவத்தி மூணு வயசாவுது, எனக்கு ஒரு முடி கெடையாது. கொரலும் ஒடையல. கீழ கொட்டையும் இல்ல. பொறந்ததுலேர்ந்தே பை காலி.

அம்மா அதுக்குத் தண்ணியதான் சொல்லும். என்னை வயித்துல வெச்சிக்கினு தோல் பதம் போடற ஷாப்புல வேலை செஞ்சிச்சாம், அந்தக் கெணத்துத் தண்ணிய குடிச்சிச்சாம். எங்க பக்கம் பல்லு கறையானாலும் முடி கொட்டுனாலும் தோல் ஷாப்புத் தண்ணிதான் காரணம். அதனால டாக்டர்கிட்டயே போவல. நல்ல தண்ணி குடிச்சா சரியாய்டும்னு எனக்கு மட்டும் தனியா கேன் தண்ணி வாங்கிப் போடும். வெளிய நான் டம்ளரத் தொட்டாலே புடுங்கிக் கீழ ஊத்திடும்.

பேரணாம்பட்டுல பொண்ணு பாத்தாங்க. எனக்குப் புடிச்சிருந்திச்சி, சிரிச்சா வாயப் பொத்திக்காத பொண்ணு. அப்புறம்தான் பயம் வந்திச்சி. அம்மாவ இட்டுக்கினு வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் எடுக்கறவர்கிட்ட, "நல்லா தேடுங்கண்ணே, வெக்கப்பட்டு எங்கனா ஒளிஞ்சினு இருக்கும்"னேன். அவரு சிரிக்கல. உள்ள இருக்குது, ஆபரேசன் பண்ணி எறக்கிடலாம், கல்யாணத்த வெச்சிக்கோன்னு சொல்லுவாங்கன்னுதான் நம்பிக்கினு இருந்தேன். ரத்தம் எடுத்தாங்க, ஊசி போட்டாங்க, மறுபடி ரத்தம். கொட்டை எங்கனா இருந்தா அந்த ஊசிக்கு ஆம்பள ஹார்மோன் ஏறணுமாம். ஏறல. கடைசில தொப்புள்கிட்ட ஓட்டை போட்டு கேமரா வுட்டுப் பாத்தாங்க.

டாக்டரம்மா ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சி சொன்னாங்க. பொறக்கறதுக்கு முன்னாடியே ரத்த ஓட்டம் நின்னு கரைஞ்சி போயிருக்கும், இப்ப எங்கியும் இல்ல. தொடர்ந்து ஊசி போட்டுக்கினா மீசை வரும், எலும்பு பலமாவும்.

"கொழந்தை?"ன்னு அம்மாதான் கேட்டுச்சி.

"அவரோட கொழந்தையா பொறக்காதும்மா."

"நான் குடிச்ச தண்ணியாலயா?"

"தண்ணியால இல்லம்மா. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

தப்பு இல்லன்னதும் அம்மா மனசு ஆறும்னு நெனச்சேன். அப்பதான் ரொம்ப அழுதுச்சி. தண்ணியால வந்ததுன்னா தண்ணியாலயே போய்டும்னு இத்தினி வருசமா நம்பிக்கினு இருந்திருக்குது, பாவம்.

பொண்ணோட அண்ணனுக்கு நானே போன் பண்ணி உள்ளத சொல்லிட்டேன். "ஒடம்பப் பாத்துக்கப்பா"ன்னு சொல்லி வெச்சிட்டாரு.

ஆம்பூர்ல பஸ்ஸு எறங்குனதும் தாகம். ஸ்டாண்டு கொழாய்ல கையேந்திக் குடிச்சேன்.

"இன்னாம்மா, தட்டிவுடலியா?"

அம்மா கிட்ட வந்து முந்தானையால என் மோவாயத் தொடச்சி வுட்டுச்சி. "குடி"ன்னுச்சி.