மலருக்காகக் கட்டிய குளியலறை

பழைய சீமெந்துத் தரையில் காலை ஏழு மணிக்கே உளி இறங்கும் 'ணங், ணங்' என்ற சத்தம்தான், எனக்குப் பதினோரு வயது நடந்த அந்த ஜனவரியிலிருந்து இன்னும் காதில் நிற்பது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் போர்வைக்குள் கிடப்பேன். ஒவ்வொரு அடிக்கும் கட்டில் அதிரும், சமையலறையில் கவிழ்த்து வைத்த தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். வீட்டில் மற்றவர்களுக்கு அது நல்ல காரியம் தொடங்கிய சத்தம். எனக்கு வயிறு எரிந்தது.

கட்டுகஸ்தோட்டையில், ஆற்றிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒரு குறுக்குப் பாதையில் எங்கள் வீடு இருந்தது. அப்பா கண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஆறடிக்கு நாலடியில் நான் 'பாத்ரூம்' என்றும் அம்மா 'கக்கூசு' என்றும் சொன்ன ஓரிடம். குந்தி உட்காருவதற்கு வெடித்துப்போன ஒரு பீங்கான், பாசி பிடித்துக் கறுத்த தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த தகரக் கதவு. கதவுக்கு உள்ளிருந்து பூட்டத் 'தாப்பா' கிடையாது. ஒரு கம்பி வளையத்தை ஆணியில் மாட்ட வேண்டும், காற்றடித்தால் அது கழன்றுவிடும். அதனால் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் நான் சத்தமாகப் பாடிக்கொண்டே இருப்பேன். ஒருமுறை என்னோடு படித்த பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்து, "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டபோது, அடைத்துக்கொண்டது என்று பொய் சொன்னேன். பாவம், அவள் அடக்கிக்கொண்டே வீடு வரைக்கும் நடந்து போனாள். அன்று மாலையே அப்பாவிடம் ஒரு தாப்பா போட்டுத் தரும்படி அழுதேன். "பாப்போம்மா" என்றார். அந்தப் 'பாப்போம்மா'வை நான் நாலு வருடம் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் கேட்டால், "விரலுக்குத் தக்கன வீக்கம் வேணும்" என்பார்.

அதற்கு முந்தைய வருடம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினேன். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த என் அத்தை மகள் மலரும் எழுதினாள். எனக்கு டியூஷன், மேசை, மேசை விளக்கு எல்லாம் இருந்தன. தேறுவதற்கான வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரே காம்பராவில் படித்த மலர் அதைத் தாண்டிப் போனாள். கண்டியில் பெரிய பாடசாலையொன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. விதவையான அத்தை, கொழுந்து பறித்துக்கொண்டே அவளைத் தினமும் அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது. மலர் எங்கள் வீட்டில் தங்கிப் படிப்பதென்று முடிவானது.

மலருக்கு மூன்று வயதாக இருக்கும்போது மழையில் லயத்துச் சுவர் சரிந்து இடது காலில் விழுந்திருந்தது. அந்த முழங்கால் மடங்காது. குந்தி உட்கார அவளால் முடியாது.

"கால் மடங்காத பிள்ள இங்க வந்து என்ன செய்யும்?" என்று அம்மா கேட்டது ஒரே ஒரு தடவை. அப்பா அதற்குப் 'பாப்போம்' என்று சொல்லவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போதே சுமனபால பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேசன் வேலை செய்பவரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்றுதான் அழைப்போம். அவர் ஒரு குச்சியால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மூணு கிழமை" என்றார். நாலு வருடம் எனக்கு நடக்காத காரியம், இன்னும் வீட்டுக்கே வராத ஒருத்திக்கு மூன்று வாரத்தில் நடக்கப்போகிறது.

கையில் இருந்ததற்குள் முடிக்க அப்பா பட்ட பாடு இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது. ஏரிக்கரைப் பக்கம் உடைத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு விடுதியில் நாற்காலிபோல் உட்காரும், மூடியில்லாத ரோஸ் நிறக் 'கொமட்' ஒன்றைப் பேசி வாங்கி, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு டவுனைத் தாண்டி வந்து சேர்ந்தார். ஹாட்வெயார் கடையின் பின்பக்கத்தில் ஒன்றும் இரண்டுமாக மிஞ்சிக் கிடந்த தரை ஓடுகளைப் பொறுக்கியதில் பச்சை, சாம்பல், மண் நிறம், நீலப்பூப் போட்ட வெள்ளை என்று நாலு சாதி சேர்ந்துவிட்டது. "ஒரே நிறமா இருந்தாத்தான் கால் நிக்குமா?" என்று அப்பா சிரித்தார். மலர் பிடித்துக்கொண்டு எழும்ப, தண்ணீர்க் குழாயொன்றை வளைத்துச் சுவரில் பதித்தார்கள். கடைசியாக ஒரு பலகைக் கதவு வந்தது. அதில் பித்தளைத் தாப்பா. நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஓடு பதித்து முடித்த சனிக்கிழமை பின்னேரம், பாஸ் கையைக் கழுவிக்கொண்டே என்னைச் சிங்களத்தில் 'மகளே' என்று கூப்பிட்டு, "துவ, ரெண்டு நாளைக்கு யாரும் கால் வெக்க வேணாம், சரியா?" என்றார். நான் தலையாட்டினேன். மறுநாள் விடிந்ததும் அப்பா மலரைக் கூட்டிவர ஹுன்னஸ்கிரிய பஸ் ஏறினார். அம்மா சந்தைக்குப் போனார். வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

கதவைத் திறந்தேன். நாலு நிறத் தரை கழுவித் துடைத்ததுபோல் மினுங்கியது. எங்கள் வீட்டில் நான் பார்த்ததிலேயே அழகான பொருள் அதுதான். அது என்னுடையதாக இல்லை. நான்தான் முதலில் மிதிப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கொமட்டுக்குப் பக்கத்தில் இருந்த நீலப்பூ ஓட்டின் மேல் ஏறி நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம். இரண்டு காலையும் தூக்கிக் குதித்தேன். ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவது தடவை ஓடு என் காலடியில் மெல்ல இறங்கியது. நகக்கனம்தான் இறங்கியிருக்கும். குனிந்து விரல் நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குதிகாலில் ஒட்டிய சீமெந்தைச் சமையலறைத் தண்ணீரில் கழுவினேன்.

அந்தி நேரம் மலர் வந்தாள். ஒரு துணிப்பை, ஒரு புத்தகப் பை, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. இரண்டு நாள் பக்கத்து வீட்டில் சமாளித்த பிறகு, செவ்வாய்க்கிழமை முதன்முதலாக அந்தக் குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "மாமா, உள்ளுக்குத் தாப்பா இருக்கு மாமா" என்றாள். அப்பா அவள் தலையைத் தடவினார். அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை என்னுடையது என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அப்பா வேலைக்குப் போகுமுன் கேட்பார், "மலரு, வழுக்குதாம்மா?" என்று. வழுக்கவில்லை என்பாள். நீலப்பூ ஓட்டில் தண்ணீர் தேங்குவதை அப்பா கவனித்து அதன் மேல் ஒரு சாக்கை விரித்து வைத்தார். 'எனக்கு வழுக்குதா?' என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. அதற்காகக்கூட அப்போது எரிச்சல் பட்டேன்.

முதலாம் தவணைப் பரீட்சைக்கு முதல் நாள் அம்மா சாக்கைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். மலர் குளித்துவிட்டுக் குழாயைப் பிடிக்கக் கை நீட்டும்போது, தேங்கியிருந்த சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டதும் எந்த இடத்தில் விழுந்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அப்பா உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, "மலிவு பாத்தேன். பிள்ளய விழுத்திட்டேன்" என்று சொல்லி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ, நான் விழுந்திருந்தால் இப்படி அழுவாரா என்ற எண்ணம்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு பாஸ் வந்து ஓட்டைத் தட்டிப் பார்த்து, அப்பாவிடம், "என் பிழைதான் மாத்தயா, மட்டம் சரியா பாக்கல்ல" என்று தலை குனிந்தார். கூலி வாங்காமல் வேறோர் ஓட்டைப் பதித்துவிட்டுப் போனார். அவர் போகும்போது என்னைப் பார்த்து, "வாரேன் துவ" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை, கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த மலரிடம் சொன்னேன். "நான்தான் குதிச்சேன். காயுறதுக்கு முந்தியே."

அவள் கூரையிலிருந்து கண்ணை என் பக்கம் திருப்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இப்ப சொல்லப்போறேன்."

"சொல்லாத" என்று பதறி எழுந்தாள். "சொன்னா மாமா ஒன்ன அடிப்பாரு. எனக்காக ஒன்ன அடிச்ச பெறகு நான் எப்புடி இந்த வீட்டுல இருக்கிறது? ஒங்கம்மா மொகத்த எப்புடிப் பாக்கிறது? என்னையத் திருப்பி அனுப்பிருவாங்க. சொல்லாத, சத்தியம் பண்ணு."

அவளுடைய இடது கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அன்றைக்கு அவள் அப்படிக் கேட்டது என்னை மன்னித்ததுபோல இருந்தது. வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, என்னை மன்னிக்காமல் இருக்கும் வசதி அவளுக்கு இல்லை என்பது.

மலர் எட்டு வருடம் எங்களோடு இருந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தாள், கண்டியிலேயே உத்தியோகம் பார்த்தாள். நான் கல்யாணமாகி கத்தாருக்குப் போனேன். அப்பாவுக்கு முடியாமல் போன கடைசி ஐந்து மாதமும் அவரைக் கைபிடித்துக் குளிக்கக் கூட்டிப் போனது அவள்தான். நான் தொலைபேசியில் அழைத்தால், "மலரு இப்பத்தான் வேலைக்குப் போகுது, சாப்பிட்டுச்சோ என்னவோ" என்பார். நாற்பது வயதில், கடல் கடந்த ஒரு வீட்டில், அதைக் கேட்கும்போதும் எனக்கு அந்தப் பழைய எரிச்சல்தான் வந்தது.

அம்மாவும் போன பிறகு வீட்டை விற்றோம். சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. எங்கள் சமையலறை எங்கே முடிந்தது, குளியலறை எங்கே தொடங்கியது என்று கண்ணால் அளந்து பார்த்தும் தெரியவில்லை. சுமனபால பாஸும் இல்லையாம். தன் கைதான் மலரை விழுத்தியது என்று நம்பிக்கொண்டு அவர் போனார். தன் மலிவுதான் என்று நம்பிக்கொண்டு அப்பா போனார். உண்மையைச் சொல்ல இப்போது எனக்கு ஒருவரும் மிச்சமில்லை.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் அப்பா நிச்சயம் அடித்திருப்பார். அடித்த கை ஓய்ந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். அது அவருடைய வழக்கம். அந்தக் கொஞ்ச நேரமாவது அவர் எனக்கு மட்டும் அப்பாவாக இருந்திருப்பார்.